நக்கவாரத்துப் பெரியவர்

சென்ற பொங்கல் விழாவில் நம் மன்ற மேடையில் நான் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். கேட்டவர்களுக்கு நினைவிருக்கலாம், மறந்துவிட்டிருந்தால் எனக்கு மகிழ்ச்சியே. இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரம் சென்றதையும், அம்மன்னன் வென்ற ஊர்களை அடுக்கிக் கூறும் தஞ்சைக் கல்வெட்டில் மாநக்கவாரமும் இடம்பெற்றிருப்பதையும் முழங்கினேன். நாம் இன்று பிழைக்க வந்திருக்கும் இத்தீவுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் கண்ட தீவுகள் என்று சொல்லி முடித்தேன். கைதட்டல் பலமாகவே இருந்தது.

கடைசி வரிசையில் என் வகுப்புத் தோழர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கடல் உயிரியல் வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரர். ஊர் கார் நிக்கோபார். சர்க்கரைப் பொங்கல் உண்ண வரும்படி நான்தான் அழைத்திருந்தேன். இந்தியில் நான் சொன்ன சுருக்கத்தைக் கேட்டு என் பேச்சின் பொருளைத் தெரிந்துகொண்டார். பிறகு, மிகவும் சாதுவான குரலில் ஒன்று கேட்டார். உங்கள் ராஜா கப்பலில் வந்தார், ஜெயித்தார், போனார். எங்களுக்கு என்ன விட்டுப் போனார் என்பதே அந்தக் கேள்வி.

நான் விழித்தேன். அவரே விடையும் சொன்னார். வேறொரு தமிழர் பிற்காலத்தில் அங்கே வந்தாராம். படையோடு வரவில்லை, பள்ளிக்கூடம் நடத்த வந்தாராம். அவரிடம் எழுத்துப் படித்த ஒரு பையன்தான் பின்னாளில் தங்கள் தீவின் பெரியவர் ஆனார் என்றும், அவர் படம் இல்லாத வீடு தங்கள் ஊரில் அரிது என்றும் சொன்னார்.

எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது என் தந்தையார் இராமநாதபுரத்துக் கரையை விட்டு, குடும்பத்தோடு போர்ட் பிளேயருக்குக் கப்பல் ஏறினார். (2024-இல் இந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிற்று, நாக்கு இன்னும் மாறவில்லை.) பதினேழு ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்கிறேன். இந்தப் பெரியவரின் பெயரைச் சரியாகக் கேட்டது அன்றுதான். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தின் விளைவே இக்கட்டுரை.

அவர் பிறந்தது 1884-இல், கார் நிக்கோபாரின் வடக்கே உள்ள முஸ் என்னும் சிற்றூரில். பெற்றோர் இட்ட பெயர் ஹாச்செவ்கா. உலகம் அறிந்த பெயர் ஜான் ரிச்சர்ட்சன்.

கார் நிக்கோபாரைப் பார்த்திராத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. போர்ட் பிளேயருக்குத் தெற்கே ஏறக்குறைய 270 கிலோமீட்டர் தொலைவில், பவளப் பாறையின் மேல் கிடக்கும் தட்டையான தீவு அது. பரப்பு 130 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. தென்னை, தாழை, பன்றி, மீன் ஆகிய நான்கில் அவர்கள் வாழ்வு அடங்கியிருந்தது. உயர்ந்த கால்களின் மேல் தேன்கூடு போல வட்டமாக வேய்ந்த வீடுகள். துஹேத் எனப்படும் பெருங்குடும்பத்துக்கே நிலம் சொந்தம். தனி மனிதனுக்கு அன்று. ரிச்சர்ட்சன் பிறந்த காலத்தில் காசு அங்கே செல்லாது, தேங்காயே நாணயம். பர்மியரும் சீனரும் மலாய்க்காரரும் இந்திய வணிகரும் துணியும் கத்தியும் அரிசியும் கொடுத்துவிட்டு, இத்தனை ஜோடித் தேங்காய் என்று பேசிக்கொள்வார்கள். கடனை எழுதி வைப்பவர் வணிகர். தீவினருக்கு எழுத்து கிடையாது. கடன் எந்தப் பக்கம் வளர்ந்திருக்கும் என்பதைக் கணக்குப் பாடம் படித்த நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கப்பற்காரர்கள் விளையாட்டாகச் சூட்டிய ஆங்கிலப் பெயர்களைத் தீவுத் தலைவர்கள் பெருமையாகவே வைத்துக்கொண்டார்கள். நெல்சன் பிரபு என்ற பெயரில்கூட ஒருவர் இருந்திருக்கிறார்! சிரிப்பு வருகிறது. அந்தப் பெயர்களைச் சூட்டியவர்களும் அப்படித்தான் சிரித்திருப்பார்கள் என்று எண்ணும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது.

சமயப் பணிக்கு வந்தவர்கள் அதற்கு முன்பும் உண்டு. நிக்கோபார்த் தீவுகளை டேனிஷ்காரர்கள் 1756-இல் தமதென்று அறிவித்தபோது, அவர்களுக்குத் தலைமையிடமாக இருந்தது நம்முடைய தரங்கம்பாடி. அங்கிருந்து 1768-இல் நன்கௌரிக்குச் சென்ற மொரேவியப் பாதிரிமார் காய்ச்சலில் ஒவ்வொருவராக மாண்டனர். இருபது ஆண்டுகளுக்குள் அந்த முயற்சி கைவிடப்பட்டது. பிரிட்டிஷ் சர்க்கார் 1869-இல் தீவுகளை எடுத்துக்கொண்டது. அதன் பிறகுதான், 1890களின் நடுவில், நம் கதைக்குரிய ஆசிரியர் முஸ் கிராமத்தில் வந்து இறங்கினார். அவர் பெயர் வேதப்பன் சாலமன்.

சாலமன் தமிழர்; உபதேசியார். போர்ட் பிளேயரில் நிக்கோபார்ச் சிறுவர்களுக்குப் பள்ளி நடத்திப் பழகியவர். கார் நிக்கோபாரில் சர்க்காரின் ஏஜெண்டு வேலையும் அவருக்கே. வரும் கப்பலைப் பதிவு செய்வதும் பள்ளியில் பாடம் சொல்வதும் ஒரே மனிதரின் கடமைகள். அவற்றோடு நாட்குறிப்பும் எழுதினார். தீவின் விழாக்கள், சாவுச் சடங்குகள், சண்டைகள், காற்று, மழை எல்லாவற்றையும் கண்டபடியே குறித்தார். 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு அறிக்கையை எழுதிய சர் ரிச்சர்டு டெம்பிள் அந்த நாட்குறிப்பைப் பயன்படுத்திக்கொண்டார். விஞ்ஞான மாணவனாகிய எனக்கு இந்தப் பகுதியில்தான் மனம் நின்றுவிடுகிறது. கண்டதைக் கண்ட நாளிலேயே எழுதி வைப்பது எத்தனை கடினம் என்பதை என் ஆய்வேட்டின் வெற்றுப் பக்கங்கள் எனக்கு நாள்தோறும் உணர்த்துகின்றன.

அந்தப் பள்ளியில் சேர்ந்த பையன்களில் ஒருவனே ஹாச்செவ்கா. வயது பத்துப் பன்னிரண்டு. பையன் கெட்டிக்காரன் என்று கண்ட சாலமன், அவனை மேற்படிப்புக்காகப் பர்மாவுக்கு அனுப்ப வழி செய்தார். நிக்கோபார் அக்காலத்தில் ரங்கூன் மேற்றிராசனத்தைச் சேர்ந்திருந்தது. ஆதலால் படிப்பு என்றால் பர்மாதான். மாந்தளையில் இருந்த மிஷன் பள்ளியில் அந்தத் தீவுச் சிறுவன் பயின்றான். தட்டைத் தீவில் பிறந்து, மலையையும் பேராற்றையும் முதன்முதலாகக் கண்டபோது அவனுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆறு வயதில் கப்பல் ஏறிய எனக்கு இதில் சிறிது அனுபவம் உண்டு. என்னோடு தாய் தந்தையர் இருந்தார்கள் என்பது மட்டும் வேற்றுமை.

படித்தவர் திரும்பி வராமல் போவது நம் நாட்டு வழக்கம். ரிச்சர்ட்சன் திரும்பினார். முதல் உலகப் போர் மூளுமுன்பே முஸ் கிராமத்தில் ஆசிரியராகவும் உபதேசியாராகவும் அமர்ந்துவிட்டார். சாலமனின் வேலை இப்போது அவருடைய மாணவரின் கைக்கு வந்தது. 1930களில் குருப்பட்டமும் பெற்றார். இந்த இருபது முப்பது ஆண்டுகளைப் பற்றிப் பரபரப்பாக எழுத ஒன்றுமில்லை. ஒரு பள்ளி ஆசிரியரின் நாட்கள் எப்படிக் கழியுமோ அப்படிக் கழிந்தன.

கழிந்த நாட்களில் ஒரு பெரிய வேலை மட்டும் மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது. எழுத்தில்லாத தம் மொழிக்கு ரோமன் எழுத்தைக் கொண்டு விவிலியத்தைப் பெயர்ப்பதுதான் அது. ஜார்ஜ் ஒயிட்ஹெட் என்ற பாதிரியார் 1925-இல் கார் நிக்கோபார் மொழிக்கு ஓர் அகராதி வெளியிட்டார். முழு மொழிபெயர்ப்பு என்பது மலையைப் பெயர்க்கும் காரியம். ஆடு மேய்க்காத தீவில் மேய்ப்பனை எப்படிச் சொல்வது? கோதுமையும் திராட்சையும் பனியும் ஒட்டகமும் அறியாத மக்களுக்கு அவற்றை எந்தச் சொல்லால் காட்டுவது? விஞ்ஞானத்தைத் தமிழில் எழுத உட்கார்ந்து ஒரு சொல்லுக்காக அரை நாள் தலையைச் சொறிந்தவர்கள் நம் மன்றத்தில் நாலைந்து பேர் இருக்கிறோம். நமக்கு முன்னால் இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் இருக்கிறது. அவர் முன்னால் வெறும் தாள் இருந்தது. புதிய ஏற்பாடு 1950-ஐ ஒட்டி அச்சாயிற்று. முழு விவிலியம் 1969-இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 85! கிறிஸ்தவரல்லாத எனக்கு அதன் சமயப் பொருளில் சொல்ல உரிமையில்லை. ஒரு மொழி பேச்சிலிருந்து ஏட்டுக்கு ஏறியதை மட்டும் கைகூப்பி வணங்குகிறேன்.

இடையில் வந்தது போர்.

1942 மார்ச் 23-ஆம் நாள் ஜப்பானியர் போர்ட் பிளேயரில் இறங்கினர். கார் நிக்கோபாரும் அவர்கள் கைக்குப் போயிற்று. தட்டையான தீவு ஆதலால் விமானத் தளத்துக்கு ஏற்றது என்று கண்டார்கள். ஆண்களை மண் சுமக்கவும் கல் உடைக்கவும் கட்டாயமாக இழுத்தார்கள். தேங்காயும் பன்றியும் படைக்கே போயின. இன்று கார் நிக்கோபாரில் நம் விமானப்படை பயன்படுத்தும் ஓடுபாதையின் முதல் மண் அப்படிக் கொட்டப்பட்டதுதான்.

1945 ஜூலையில் பிரிட்டிஷ் கடற்படை தீவைக் குண்டு வீசித் தாக்கியது. தோல்வி நெருங்குவதைக் கண்ட ஜப்பானியருக்குச் சந்தேகப் பேய் பிடித்தது. தீவினர் எதிரிக் கப்பல்களுக்கு அடையாளம் காட்டுகிறார்கள் என்று கருதினார்கள். அடையாளம் காட்ட அவர்களிடம் என்ன கருவி இருந்திருக்கப் போகிறது? ஆயினும் பிடித்தார்கள், அடித்தார்கள், வதைத்தார்கள், கூட்டமாகக் கொன்றார்கள். தலைவர் என்று மதிக்கப்பட்ட ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டார். அவருடைய மகன் கொல்லப்பட்டார். அவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அதை நிறைவேற்றுமுன் ஆகஸ்டு 15 வந்தது, ஜப்பான் சரணடைந்தது. அறுபத்தொரு வயது மனிதர், மகனை இழந்து, உயிரோடு வெளியே வந்தார். அந்தக் கொலைகளுக்காக ஜப்பானிய அதிகாரிகள் 1946-இல் சிங்கப்பூரில் விசாரிக்கப்பட்டார்கள்.

இந்தப் பகுதியை எழுதும்போது என் தோழர் பக்கத்தில் இருந்தார். அவர் குடும்பத்திலும் அந்த ஜூலையில் வீடு திரும்பாத ஒருவர் உண்டு. ஆகவே இதைச் சொல் அலங்காரமின்றி எழுதினேன்.

போருக்குப் பின் சில ஆண்டுகளில் கார் நிக்கோபார் ஏறக்குறைய முழுவதும் கிறிஸ்தவத் தீவாயிற்று. ஒருவேளை, தம்மோடு சாவின் வாசல்வரை சென்று திரும்பிய மனிதரை மக்கள் தொடர்ந்தார்கள் போலும். இது என் ஊகமே. 1950-இல் அவர் கல்கத்தா மேற்றிராணியாருக்கு உதவி மேற்றிராணியாராக அபிஷேகம் செய்யப்பட்டார்.

அதே 1950-இல்தான் நம் அரசியல் சட்டமும் அமலுக்கு வந்தது. இங்கே நண்பர்கள் சற்றுக் கவனிக்க வேண்டுகிறேன். ராஜ்யங்களை ஏ, பி, சி, டி என்று நான்கு பிரிவாக அச்சட்டம் வகுத்தது. டி பிரிவில் இருந்தது ஒரே ஒரு ராஜ்யம், அந்தமான் நிக்கோபார். சட்டசபை கிடையாது. சீப் கமிஷனர் ஆள்வார். குடியரசுத் தலைவர் ஒழுங்குமுறைகள் பிறப்பிப்பார். அன்று இல்லாத சட்டசபை இன்றும் இல்லை. சென்னையிலுள்ள என் சித்தப்பா, உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. யார் என்று கேட்கும்போதெல்லாம் இதை முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது.

1952-இல் நாடெங்கும் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது இத்தீவுகளில் ஓட்டுப் பெட்டி வைக்கப்படவில்லை. பார்லிமெண்டில் தீவுகளுக்கு உரிய ஓர் இடத்தைக் குடியரசுத் தலைவர் நியமனத்தால் நிரப்பினார். நியமிக்கப்பட்டவர் ஜான் ரிச்சர்ட்சன். அசாமின் மலைவாழ் மக்கள் பகுதியிலிருந்து சௌக்காமூன் கோஹைனும் அவ்விதமே அந்த முதல் லோக் சபையில் நியமன அங்கத்தினராக இருந்தார். அறுபத்தெட்டு வயதில் ரிச்சர்ட்சன் டில்லிக்குப் புறப்பட்டார். புறப்பட்டார் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். கார் நிக்கோபாரிலிருந்து ஹோடியில் கப்பலுக்கு, கப்பலில் போர்ட் பிளேயருக்கு, மறு கப்பலுக்குக் காத்திருந்து வங்கக் கடலைக் கடந்து கல்கத்தாவுக்கோ சென்னைக்கோ, பிறகு ரயிலில் டில்லிக்கு! ஐந்தாண்டுகள், 1957 வரை, அந்த இடத்தில் இருந்தார்.

அவருடைய பதவிக் காலத்தில், 1956-இல், ஆதிகுடி மக்கள் பாதுகாப்பு ஒழுங்குமுறை பிறந்தது. ஒதுக்கப்பட்ட பகுதியில் வெளியார் அனுமதியின்றி நுழையக்கூடாது; நிலம் வாங்கக்கூடாது; உரிமம் இன்றி வியாபாரம் செய்யக்கூடாது. தேங்காய்க் கடனின் கதை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். எனக்கு முன்பு தெரியாது. கார் நிக்கோபார்க் கரையில் நண்டுகளைக் கணக்கெடுக்க வேண்டும் என்ற என் ஆசைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்றபோது, நம் நாட்டுக்குள்ளேயே நமக்குச் சீட்டா என்று விடுதியில் சத்தம் போட்டவன் நான். தோழர் அன்று ஒன்றும் பேசவில்லை.

நியமனம் பெற்றவர் மக்கள் பிரதிநிதி ஆவாரா? இந்தக் கேள்வியை நான்தான் தோழரிடம் கிளப்பினேன். தேர்தல் என்றால் திருவிழா என்று வளர்ந்த ஊர்க்காரன் அல்லவா! ஓட்டு வாங்காதவர் எப்படி மக்களின் குரல் ஆவார், சர்க்காரின் குரல்தானே ஆவார் என்று வாதாடினேன். கொள்கையளவில் இன்றும் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் தோழர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்.

1951-இல் இத்தீவுகளின் மொத்த மக்கள்தொகை 30,971. அதில் 12,009 பேர் நிக்கோபார்த் தீவுகளில் இருந்தனர். பத்தில் நான்கு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2011-இல் மொத்தம் 3,80,581 ஆயிற்று. நிக்கோபார் மாவட்டத்தில் 36,842 பேர், அதாவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நடுவில் வந்து சேர்ந்தவர்கள் யார்? வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிக்காரர்கள், நாம். என் தந்தையாரும் ஒருவர். வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டதால் நானும் ஒருவன். இத்தீவுகளில் நேரடித் தேர்தல் 1967-இல் வந்தது, கே. ஆர். கணேஷ் வென்றார். அன்று முதல் 2024 வரை எத்தனையோ தேர்தல் நடந்துவிட்டது. ஒரு நிக்கோபாரியர்கூட லோக் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. இருக்கும் ஒரே தொகுதி தனித் தொகுதியும் அன்று. அந்தச் சபையில் உட்கார்ந்த ஒரே நிக்கோபாரியர், ஓட்டே வாங்காத அந்த முதல் மனிதர்தான்.

நான் பதில் பேசவில்லை. என் கொள்கைக்கும் அந்தக் கணக்குக்கும் இடையே இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறேன். யாராவது விடை கண்டால் அடுத்த இதழில் எழுதுங்கள்.

டில்லியிலிருந்து திரும்பிய பின் அவர் வாழ்வு மறுபடியும் தீவோடு ஒன்றிற்று. சர்க்கார் 1965-இல் பத்மஸ்ரீ விருதும், 1975-இல் பத்மபூஷண் விருதும் அளித்தது. 1966-இல் அந்தமான் நிக்கோபார் தனி மேற்றிராசனமானபோது அதன் முதல் மேற்றிராணியார் அவரே. பதவியை விட்டு ஓய்வு பெற்றபோது தொண்ணூற்றைக் கடந்திருந்தார். 1978 ஜூனில் மறைந்தார். அவர் பிறந்தபோது எழுத்தே இல்லாதிருந்த மொழியில் அச்சிட்ட நூல் அப்போது வீடுதோறும் இருந்தது.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் எழுந்து வந்து கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களை வாரிக்கொண்டு போனது. தோழர் அப்போது கைக்குழந்தை. அவருடைய பாட்டியார் குழந்தையை ஒரு கையிலும் விவிலியத்தை மறு கையிலும் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாராம். அந்தப் புத்தகத்தின் ஓரங்கள் உப்புநீர் பட்டு இன்னும் அலை அலையாக நிற்கின்றனவாம்.

கட்டுரையை முடித்து, தோழருக்கு இந்தியில் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். இரண்டு இடங்களில் திருத்தினார். பெரியவரின் பிறவிப் பெயரை நான் உச்சரித்தபோது மட்டும் சிரித்துவிட்டார். நான் சொல்வது தவறாம். அவர் சொல்லிக் காட்டினார், நான் சொன்னேன். மறுபடியும் சொன்னார்; மறுபடியும் சொன்னேன். நடுவில் வரும் ஓர் ஒலிக்கு நம் நெடுங்கணக்கில் எழுத்தில்லை. ஹாச்செவ்கா என்று மேலே எழுதியிருப்பது ஏறக்குறையத்தான். அனுமதிச் சீட்டு கிடைத்து அடுத்த பருவத்தில் நான் முஸ் கிராமத்துக்குப் போனால், தம் பாட்டியாரிடம் கேட்டுச் சரியாகக் கற்றுக்கொண்டு வரும்படி சொல்லியிருக்கிறார்.